முனீராவின் கார்

கருகிய எண்ணெய் வாடை முதலில் முனீராவின் மூக்குக்குத்தான் எட்டியது. சிராங்கூன் சாலையில் பூக்கடைகளைத் தாண்டிச் சிவப்பு விளக்கில் கார் நின்றிருந்தது. மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"அடுப்புல என்னமோ தீயுது மச்சான்."

"அடுப்ப அணைச்சுட்டுத்தான் வந்தேன் முனீரா."

"தீயுதுங்கறேன். எந்திரிச்சுப் போய்ப் பாருங்க."

காரை ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் நூர்தீன் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் அவள் சீட் பெல்ட்டைக் கழற்றிவிடுவாள். "இதோ பாக்கறேன்," என்று மட்டும் சொன்னார். சாம்பிராணியும் மல்லிகையும் நனைந்த தாரும் கலந்து மணந்த அந்தச் சாலையில் அவருக்கு வேறெந்த வாடையும் தெரியவில்லை. அடுத்த விளக்கில் நின்றபோதுதான் பானட் ஓரத்திலிருந்து நூல் மாதிரிப் புகை கிளம்புவதைப் பார்த்தார்.

ஆங் மோ கியோவில் அவர்கள் புளோக்கை ஒட்டிய அடுக்குமாடிக் கார்பார்க்கின் ஐந்தாம் தளத்தில் காரை நிறுத்திவிட்டு, முனீராவின் கையை விடாமலே குனிந்து அடியில் பார்த்தார். சிமெண்டுத் தரையில் கறுப்பாக நாலைந்து சொட்டு. பக்கத்தில் பழைய சொட்டுகள் காய்ந்து ஒரு பெரிய கறையாகவே ஆகியிருந்தன. இத்தனை நாள் தன் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று என்று யோசித்தார். காரை விட்டு இறங்கினால் முனீராவைப் பார்க்கவே கண் சரியாக இருந்தது. தரையை எங்கே பார்ப்பது?

கார் அவளுடையதுதான். கல்யாணமான புதிதிலேயே முனீரா லைசென்ஸ் எடுத்துவிட்டாள். செம்பவாங் கப்பல் பட்டறையின் ஸ்டோரில் நூர்தீனுக்கு அப்போது வேலை. அவருக்கும் லைசென்ஸ் இருந்தது, ஆனால் ஓட்டப் பிடிக்காது. எங்கே போனாலும் அவள் ஓட்டுவாள், அவர் இடது பக்கம் உட்கார்ந்திருப்பார். சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். இரண்டு பேருமே கண்டுகொள்ளவில்லை. அவர்கள் வைத்திருந்த கார்களில் இது கடைசி. காரை வைத்திருக்கத் தரும் பத்து வருட உரிமம் முடிந்தபோது பழைய இரும்புக்குப் போட மனமில்லாமல் புதுப்பித்தது முனீராதான். அதற்கப்புறம் ஒருநாள், விரைவுச்சாலை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு, எங்கே போக வேண்டும் என்பது மறந்துபோய் அவள் அழுதுகொண்டிருந்தாள். போலீஸ்காரர் போன் செய்துதான் நூர்தீனுக்கே தெரிந்தது. அன்று மகன் உமைர் சாவியை அவளிடமிருந்து வாங்கி வாப்பாவின் கையில் கொடுத்தான். பிறகு அவன் வேலை கிடைத்து மெல்பர்னுக்குப் போய்விட்டான்.

முனீராவின் ஞாபகம் ஒரே சீராகக் குறையவில்லை. காலையில் தெளிவாக இருப்பாள். மீன் ஆணத்துக்குப் புளி போதாது என்று சரியாகவே சொல்வாள். பிற்பகல் அஸர் தொழுகை நேரம் தாண்டினால்தான் வேறு ஆளாகிவிடுவாள். துப்பட்டாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு, இரும்புக் கேட்டைப் பிடித்து ஆட்டுவாள்.

"வீட்டுக்குப் போகணும். பிள்ளை தேடுவான். தொறங்க."

"இதான் நம்ம வீடு முனீரா."

"இது யார் வீடோ. தொறங்கன்னா தொறங்க."

டிவி போட்டுப் பார்த்தார். குவே பலகாரம் வாங்கி வைத்துப் பார்த்தார். கீழ்த்தளத்தில் நடக்க வைத்தார். எதிலும் அடங்கவில்லை. ஒருமுறை டாக்சியில் கூட்டிப் போனபோது ஓடுகிற வண்டியின் கதவைத் திறக்கப் பார்த்தாள். அவளுடைய காரில் ஏற்றினால் மட்டும் அடங்கிவிடுவாள். பெல்ட்டைத் தானே போட்டுக்கொண்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, வழியிலிருக்கும் கடைப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வருவாள். ஜாலான் புசார் பக்கம் இறங்கி, தேக்காவைச் சுற்றி, சிராங்கூன் சாலை வழியாக நூர்தீன் திரும்புவார். அந்தி மக்ரிப் தொழுகைக்குள் வீட்டு வாசலில் வந்து நின்றால், "அப்பாடா, வீடு வந்துருச்சு," என்று செருப்பைக் கழற்றுவாள். அதே வீட்டிலிருந்து புறப்பட்டு அதே வீட்டுக்கே அவளைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் நூர்தீனின் அன்றாட வேலை. அதைவிட்டால் அவருக்கு வேறு வேலையும் கிடையாது, பேச ஆளும் கிடையாது.

மறுநாள் காலை அவளை முதியோர் பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டுக் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனார். ஷாஹித் என்ற இளைஞன் காரை மேலே தூக்கி, விளக்கடித்துப் பார்த்தான்.

"டாப் கவர் கேஸ்கெட் போச்சு அங்கிள். எஞ்சின் தலையில ஒரு மூடி இருக்குல்ல, அதுக்கு அடியில ரப்பர் இருக்கும். அது காஞ்சு கல்லு மாதிரி ஆயிருக்கு. எண்ணெய் வழிஞ்சு புகைக்குழாய் மேல விழுது. அதான் ஸ்மெல்லு."

"ஓட்டலாமா?"

"ஓட்டலாம். ஆனா இன்ஸ்பெக்‌ஷன் வருதுல்ல, இப்படியே போனா ஃபெயில் பண்ணிடுவாங்க. காடிய விட்டுட்டுப் போங்க, ஒரு வாரத்துல தரேன்."

"இன்னிக்கு சாயந்தரம் எனக்குக் காடி வேணும் தம்பி."

"சாயந்தரமா? முடியாது லா அங்கிள். எனக்கு முன்னால எத்தன காடி நிக்குது பாருங்க. ஒரு வாரம் பஸ்ல போங்க. இல்லன்னா என் வேன எடுத்துட்டுப் போங்க."

"அவ வேன்ல ஏற மாட்டா."

யார் என்று ஷாஹித் கேட்கவில்லை. அடுத்த காரில் ஹாரன் வேலை செய்யவில்லை என்று ஒரு பெண் வந்து நின்றார். நூர்தீன் காரை இறக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று உமைர் போன் செய்தபோது விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டாம். வாய் தவறி வந்துவிட்டது.

"கார் போனாப் போவுது வாப்பா. நான் சொன்னேன்ல, உம்மாவுக்கு அந்த முதியோர் ஹோம்ல இடம் இருக்காம். ஒருவாட்டி போய்ப் பாத்துட்டு மட்டும் வாங்களேன்."

"பாக்கலாம்."

"போன மாசமும் பாக்கலாம்னுதான் சொன்னீங்க. நீங்க ஒத்த ஆளா எப்படி? உங்களுக்கே பிரஷர் இருக்கு. நான் இங்க உக்காந்துக்கிட்டு என்ன பண்றது, சொல்லுங்க."

மகன் கெட்டவன் இல்லை. அவன் குரலில் இருந்தது கோபமும் இல்லை, பயம்தான். அது நூர்தீனுக்கும் புரிந்தது. "லைன் சரியா கேக்கல," என்று சொல்லி வைத்துவிட்டார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

அடுத்து அவர் செய்தது அவருக்கே கொஞ்சம் சிரிப்பாக இருந்தது. பட்டறை ஸ்டோரில் முப்பது வருஷத்துக்கு மேலாக விதவிதமான கேஸ்கெட்டுகளை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் வழியாக நீட்டியிருக்கிறார். கப்பல் எஞ்சினுக்கான கேஸ்கெட்டுகள், ஆள் உயரத்தில்கூட உண்டு. ஒன்றையாவது தன் கையால் பொருத்தியதில்லை. இப்போது உதிரிபாகக் கடையில் கார் நம்பரைச் சொல்லி ஒரு கேஸ்கெட்டும், பசைக் குழாய் ஒன்றும், சாக்கெட் பெட்டி ஒன்றும் வாங்கினார். முனீரா தூங்கும் மதிய வேளைகளில் போனில் வீடியோ பார்த்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரர், பனி பெய்யும் ஊரில், கறுப்புக் கையுறையோடு படபடவென்று பேசிக்கொண்டே செய்து காட்டினார். பேச்சுப் பாதிதான் விளங்கியது. கைகளை மட்டும் பார்த்து, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டார்.

கார்பார்க்கில் ரிப்பேர் வேலை செய்யக் கூடாது. தூணில் பலகையே மாட்டியிருக்கிறது. முனீரா பராமரிப்பு நிலையத்தில் இருந்த ஒரு காலையில், எல்லோரும் வேலைக்குப் போய்க் கார்பார்க் காலியானதும், பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அடியில் விரித்துவிட்டுப் பானட்டைத் திறந்தார்.

எஞ்சின் ஆறியிருந்தது. வயர்களைக் கழற்றும்போது எது எங்கேயிருந்து வந்தது என்று போனில் படமெடுத்துக்கொண்டார். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மூடி அசையவில்லை. ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினார். கடைசியில் ஈரக் காகிதம் கிழிகிற மாதிரிச் சத்தத்தோடு பெயர்ந்து வந்தது. உள்ளே எஞ்சினின் உலோகம் தேன் நிறத்தில் பளபளத்தது. அவ்வளவு அழகாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். கூப்பிட்டுக் காட்ட யாருமில்லை.

பழைய ரப்பர் வளையாமல் துண்டு துண்டாக ஒடிந்து வந்தது. மிச்சம் ஒட்டியிருந்ததைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, துணியால் துடைத்தார். முதுகு வலித்தது. புது ரப்பரை மூடியின் பள்ளத்தில் பதித்து, மூலைகளில் பசை வைத்து, மூடியை இறக்கி, போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். அதிகம் முறுக்கினால் மூடி விரிசல் விட்டுவிடும் என்று வீடியோவில் சொல்லியிருந்தது மட்டும் தெளிவாக நினைவிருந்தது.

"என்ன பாய், காடிக்கு ஆபரேஷனா?"

பக்கத்து இடத்தில் கார் நிறுத்தும் தங்கராஜு. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். காரைத் தினமும் துடைப்பவர். நூர்தீன் நிமிர்ந்தார்.

"சின்ன லீக்கு சார். சரி பண்ணிட்டேன்."

"இங்க ரிப்பேர் பண்ணக் கூடாது, தெரியும்ல. உங்க எண்ணெய் என் இடம் வரைக்கும் வந்துருச்சு. நேத்து செருப்புல ஒட்டி, வீடு முழுக்கக் கறை. வீட்டுல ஒரே சத்தம்."

"மன்னிச்சுக்குங்க. தரையக் கழுவி விட்டுடறேன்."

தங்கராஜு அட்டைகளையும் சாக்கெட் பெட்டியையும் பார்த்தார். பிறகு லிஃப்டுக்குப் போனார். நூர்தீன் மண்டியிட்டுச் சோப்புத்தூளைப் போட்டு இரண்டு இடங்களின் தரையையும் தேய்த்தார். கறை வெளுத்ததே தவிரப் போகவில்லை.

அந்த வாரம் முழுக்க முனீராவோடு நிம்மதியாகச் சுற்றி வந்தார். வாரக் கடைசியில் தேய்த்த தரையில் மறுபடி ஒரு சொட்டு. அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்தார். கைப்பேசியைப் பின்பக்கச் சந்துக்குள் நுழைத்துப் படமெடுத்துப் பெரிதாக்கினார். கண்ணுக்கு எட்டாத அந்த மூலையில் ரப்பர் பள்ளத்தை விட்டு நழுவி, மூடிக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு நாள் நெருங்கிவிட்டது. அதற்குள் ஏதோ காய்ச்சல் பரவுகிறதென்று பராமரிப்பு நிலையத்தையும் மூடிவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல் முனீராவையும் அழைத்துக்கொண்டே கார்பார்க்குக்குப் போனார். வெளியே நல்ல மழை. சாரல் ஐந்தாம் தளத்தின் சுவரோரம் வரை அடித்தது. அவளை இடது பக்க சீட்டில் உட்கார வைத்து, மடியில் ஒரு டப்பா நிறையப் பேரீச்சம்பழத்தையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்தார்.

"முனீரா, இருக்கியா?" பானட்டுக்கு அந்தப் பக்கமிருந்து நிமிஷத்துக்கொருமுறை கேட்டார்.

"இருக்கேன்."

"பழம் சாப்பிடு."

"சாப்பிடறேன்."

இந்தத் தடவை கை தடுமாறவில்லை. மூடி சுலபமாக வந்தது. நசுங்கிய ரப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கூடுதலாக வாங்கி வைத்திருந்ததைப் பள்ளத்தில் பதித்து, நழுவாதபடி அங்கங்கே பசைப்புள்ளி வைத்தார். மூடியை இறக்கும்போது பின்மூலையை விரலால் தடவித் தடவிச் சரிபார்த்தார்.

"முனீரா, இருக்கியா?"

பதில் கொஞ்சம் தாமதித்து வந்தது. "இருக்கேன் நானா."

நூர்தீனின் கை நின்றது. அவள் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். ஊர் பேர் மறந்தபோதும், மகன் பேர் மறந்தபோதும் அந்த ஒரு சொல் மட்டும் மாறியதில்லை. நானா என்பது அண்ணனுக்குச் சொல்வது. கடைக்காரருக்கும், வழி கேட்கிற ஆளுக்கும் சொல்வது. அவர் பானட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டி அவளைப் பார்த்தார். அவள் மரியாதையாகச் சிரித்தாள். அவர் மறுபடி குனிந்து போல்ட்டை எடுத்தார். எந்த ஓட்டையில் போடுவது என்று ஒரு கணம் தெரியவில்லை.

பசை காயும்வரை இருவரும் காருக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்தார்கள். பிறகு அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை ஓடவிட்டுவிட்டு, டார்ச்சோடு முன்பக்கம் வந்து பின்மூலைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். வறண்டிருந்தது. எஞ்சின் வேகமாக ஓடும்போதும் இப்படியே இருக்குமா என்று பார்க்க வேண்டும். அதற்கு உள்ளே ஒருவர் மிதிக்க, வெளியே ஒருவர் பார்க்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று யோசித்தபடியே குனிந்திருந்தவருக்கு ஒரு கதவு திறந்து மூடியது கேட்டது. இன்னொரு கதவு திறந்து மூடியது கேட்டது. நிமிர்வதற்குள் அவர் சாய்ந்திருந்த கார் பின்னால் நகர்ந்தது.

பிடிமானம் போய் ஒரு முழங்கால் தரையில் மோதியது. டார்ச் உருண்டு ஓடியது. "முனீரா," என்றார்.

கார் பானட்டைத் திறந்தபடியே நேராகப் பின்னால் போய், ஒரே வளைப்பில் இடத்தை விட்டு வெளியேறி, பாதையின் நடுவே மஞ்சள் கோட்டுக்கு இணையாக நின்றது. அவருக்கு அந்தத் தூணுக்குப் பக்கத்திலிருந்து காரை எடுக்க எப்போதும் இரண்டு மூன்று தடவை முன்னும் பின்னும் போக வேண்டியிருக்கும். அவள் ஒரே தடவையில் எடுத்திருந்தாள். அந்தப் பயத்திலும் அவர் அதைக் கவனித்தார்.

காருக்குப் பின்னால், சந்தைப் பையோடு, தங்கராஜு அசையாமல் நின்றிருந்தார்.

முனீரா கண்ணாடியை இறக்கினாள். பெல்ட் போட்டிருந்தாள். "பானட்ட யாரு தொறந்து வச்சது? எனக்கு ரோடு தெரியுமா தெரியாதா?"

நூர்தீன் நொண்டிக்கொண்டு ஓடி, உள்ளே கையை விட்டு சாவியைத் திருப்பி எடுத்தார். எஞ்சின் அடங்கியது.

"பாய்," என்றார் தங்கராஜு, பக்கத்தில் வந்து. "நான் பின்னால நின்னேன்."

"தெரியும் சார். மன்னிச்சுக்குங்க. என் தப்பு. உள்ள உக்கார வச்சுட்டு ஓடவிட்டது என் தப்பு."

"மன்னிப்பெல்லாம் வேணாம் பாய். அக்காவுக்கு எத்தன நாளா இப்படி?"

"சில வருஷமா."

"பக்கத்து இடத்துல காடி விடறேன், எனக்குத் தெரியாதே. ஒத்தாசைக்கு யாரும் இல்லயா?"

"இருக்காங்க."

"எங்க?"

நூர்தீன் கையைப் பொதுவாக வெளியே, மழை பெய்கிற பக்கம் காட்டினார். தங்கராஜு அந்தப் பக்கம் பார்த்தார். எதிர் புளோக்கின் ஜன்னல்கள்தான் தெரிந்தன. அவர் பையைத் தூணோரம் வைத்தார்.

"அக்கா, கொஞ்சம் எறங்கி அந்தப் பக்கம் உக்காருங்க. நான் காடிய உள்ள விடறேன்."

"பாத்து விடுங்க தம்பி. தூணு இருக்கு," என்றாள் முனீரா.

காரை உள்ளே விட்டபின் தங்கராஜுவே ஆக்சிலரேட்டரை மிதித்தார். நூர்தீன் டார்ச் அடித்துப் பார்த்தார். எஞ்சின் உறுமியது, அடங்கியது, மறுபடி உறுமியது. மூடியின் ஓரம் முழுக்க வறண்டே இருந்தது.

"எப்படி?"

"லீக்கு நின்னுருச்சு சார்."

"நல்லது. முழங்கால்ல ரத்தம் வருது பாருங்க. வீட்டுக்குப் போய் மருந்து போடுங்க." பையை எடுத்துக்கொண்டவர் திரும்பி நின்றார். "இனிமே எதுனா இருந்தா, ரெண்டு மாடி கீழதான் இருக்கேன். வந்து கதவத் தட்டுங்க."

நூர்தீன் தலையாட்டினார். தட்ட மாட்டோம் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

இன்ஸ்பெக்‌ஷனில் கார் தேறியது. அடியில் விளக்கடித்துப் பார்த்த ஆள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த காருக்குப் போனான். நூர்தீன் அன்றே உமைருக்குப் போன் செய்தார்.

"பாஸாயிருச்சு. நானே பண்ணினேன்."

"நீங்களா வாப்பா? நெஜமாவா?"

"ரெண்டுவாட்டி பண்ணினேன். மொதல்வாட்டி தப்பாப் போச்சு."

உமைர் சிரித்தான். ஹோம் பற்றி அவன் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. கார் பின்னால் நகர்ந்ததையும், நானா என்று அவள் கூப்பிட்டதையும் அவர் சொல்லவில்லை. "உம்மாவுக்கு சலாம் சொல்லுங்க," என்று வைத்தான்.

அன்று சாயந்தரம் வழக்கம்போல அவள் கேட்டை ஆட்டினாள். அவர் சாவியை எடுத்துக்கொண்டு அவளைக் கார்பார்க்குக்குக் கூட்டிப் போனார். சந்தோஷமாகத்தான் இருந்தார். ஒரு நல்ல சட்டைகூடப் போட்டிருந்தார். இடது பக்கக் கதவைத் திறந்து பிடித்தார்.

முனீரா ஏறவில்லை.

"ஏறு முனீரா."

"நான் எப்படி முன்னால உக்கார்றது?" அவள் துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க நானா. தெரியாத ஆம்பளையோட முன்சீட்டுல உக்காந்து போனா, பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். நான்தான் நூர்தீன் என்று சொல்லலாம். முன்பு ஒருமுறை வேறெதற்கோ அப்படிச் சண்டை பிடித்து, அவள் பயந்துபோய் இரவெல்லாம் அழுதாள். "சரிம்மா," என்று முன்கதவை மூடினார். அவள் தானே பின்கதவைத் திறந்து ஏறி, நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"செம்பவாங் போங்க. யார்டு கேட்டுக்கு. எங்க வீட்டுக்காரருக்கு டூட்டி முடியற நேரம்."

தேக்காவுக்குப் போகிற வழியை விட்டு அவர் வடக்கே திருப்பினார். கண்ணாடியில் பார்த்தால் அவள் முகம் பாதி தெரிந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது. இவ்வளவு நாளில் அந்த சீட்டில் யாருமில்லாமல் அவர் அவளோடு போனதில்லை.

"தெனமும் நீங்கதான் அவர ஏத்திக்குவீங்களாம்மா?" என்று கேட்டார்.

"நானேதான் ஓட்டிட்டு வருவேன். இப்ப கண்ணு சரியில்ல."

"அவர் எப்படிப்பட்டவர்?"

"நல்ல மனுஷன்." அவள் யோசித்தாள். "பேசத்தான் மாட்டார். ஏறுவார், பெல்ட்டப் போடுவார், கண்ண மூடிக்குவார். நான்தான் பேசிக்கிட்டே ஓட்டுவேன். பையன் ஸ்கூல்ல என்ன பண்ணினான், கடையில மீன் எப்படி இருந்துச்சு, உம்மாவுக்கு ஊர்லேர்ந்து என்ன சேதி வந்துச்சு, எல்லாம்."

"அவர் கேட்டுக்கிட்டு வருவாரா?"

"எங்க. பாதி வழியில தூங்கிடுவார்."

"தூங்கியிருக்க மாட்டார். கண்ண மூடிக்கிட்டுக் கேட்டிருப்பார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

தான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியும், உண்மையில் அவர் தூங்கித்தான் போயிருந்தார். பகலெல்லாம் ஸ்டோரில் நின்ற கால் வலியில், அவள் குரல் கேட்டால் தூக்கம் வந்துவிடும். அவள் ஓட்டினால் பயமில்லை என்பதால் வந்த தூக்கம் அது. அதை இப்போது யாரிடம் சொல்வது? "சும்மா சொன்னேன்மா," என்றார்.

கப்பல் பட்டறை வேலைகளில் பெரும்பகுதி மேற்கே துவாஸ் பக்கம் போய்விட்டிருந்தது. முன்பு டூட்டி முடியும் நேரம் சைக்கிளும் பஸ்ஸுமாக நெரியும் கேட்டில் இப்போது ஒரு காவலாளி மட்டும் குடை விரித்து உட்கார்ந்திருந்தார். நூர்தீன் எதிர்ப்புறம், பெரிய மழைமரங்களின் கீழே, காரை ஓரம் கட்டினார். தூறல் இலைகளில் தேங்கிக் கூரைமேல் சொட்டியது.

"கூட்டத்துல விட்டுறாதீங்க நானா. குட்டையா இருப்பார். வேகமா நடப்பார். நீங்க அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்தப் பக்கம் பாக்கறேன்."

"சரிம்மா."

அவர் அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு லாரி வெளியே வந்தது. பின்னால் தொழிலாளர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். லாரி திரும்பிப் போயிற்று.

"இன்னிக்கு லேட்டாகுது போல. அவர் வரலன்னா என்ன செய்யறது?"

"வருவார்மா. வர்ற வரைக்கும் நான் இருக்கேன்."

"நீங்க போயிட மாட்டீங்களே?"

"போக மாட்டேன்."

அவள் சமாதானமாகிப் பின்னால் சாய்ந்துகொண்டாள். வெளிச்சம் மெல்ல மங்கியது. காவலாளி எழுந்து குடையை உதறி மடக்கினார். நூர்தீன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"அவர் வர்ற வரைக்கும், அவர்கிட்ட சொல்ல வச்சிருக்கிறத என்கிட்ட சொல்லுங்களேன். நான் தூங்காமக் கேக்கறேன்."

அவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் கைப்பையை மடியில் நேராக வைத்துக்கொண்டு, கனிவாகத்தான் சொன்னாள்.

"அதெல்லாம் அவர்கிட்ட சொல்றது நானா. வேற யார்கிட்டயும் சொல்ற மாதிரி இருக்காது."

சொல்லிவிட்டு அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நூர்தீனும் கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.